காரைக்காலின் இரு கணக்குகள்: உயிர்ப்புநாள் கணிப்பும் வானியலும்

கத்தோலிக்கச் சமயத்தையும் வானியலையும் ஒருசேர நோக்கும் ஆய்வுகள் பல, 1633இல் கலிலியோவுக்கு எதிராக வழங்கப்பட்ட தீர்ப்பிலிருந்தே தொடங்குகின்றன. சமய வாழ்வில் வானியல் ஆண்டுதோறும் இயங்கும் களமாகிய நாட்காட்டி, இவ்வணுகுமுறையில் மறைந்துவிடுகிறது.

உயிர்ப்புப் பெருவிழா, மார்ச் 21 அன்றோ அதன் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறாகும். அம்முழுநிலவு வானில் கண்டறியப்படுவதன்று. திருச்சபையின் அட்டவணையால் பெறப்படுவது. 2019இல் உலக நேரப்படி சமப்பகலிரவு மார்ச் 20இலும் முழுநிலவு மார்ச் 21இலும் நிகழ்ந்தன. வானத்தைப் பின்பற்றியிருப்பின் மார்ச் 24 விழாநாளாகியிருக்கும். புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்த காரைக்கால் பங்குகளுக்கோ அவ்விழா ஏப்ரல் 21இல் அமைந்தது.

காரைக்கால் மாவட்டத்துத் திருநள்ளாற்றிலும் இதனையொத்த நிலை காணப்படுகிறது. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல் நிகழ்ந்த சனிப்பெயர்ச்சி, கோயிலில் வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20இல் விழாவாயிற்று.

முன்னதை மரபென்றும் பின்னதைப் பிழையென்றும் கொள்வது நடுநிலையாகாது. இரண்டிலும் காட்சியினும் அட்டவணையே முதன்மை பெறுகிறது. பலரும் ஒரே நாளில் விழாக்கொள்ளும் தேவையே அதனை நிலைநிறுத்துகிறது. வேறுபாடு திருத்தத்தில் உள்ளது. இயேசு சபைக் கணிதரான கிளாவியுஸ் முதலியோரின் துணையுடன் திருத்தந்தை 13ஆம் கிரகோரி 1582இல் 10 நாட்களை நீக்கி, அட்டவணையையே மாற்றினார். பஞ்சாங்க மரபிலோ திருத்தம் பெற்ற திருக்கணிதம் வாக்கியத்தை அகற்றாது அதனுடன் இணையாக நிலவுகிறது.

எனவே, அறிவியலா நம்பிக்கையா என்பதினும், கணக்கைத் திருத்தும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதே ஆய்வுக்குரிய வினாவாகும்.