அட்டைப்பட ஓவியர்

பத்திரிகைக்குப் படம் போடுகிறவரைக் கலைஞர் என்று ஒப்புக்கொள்ள விமர்சகர்களுக்கு லேசில் மனம் வருவதில்லை. தொடர்கதை எழுதுகிறவனையும் அவர்கள் அதே பந்தியில்தான் உட்கார்த்தி வைக்கிறார்கள். அதனாலோ என்னவோ, அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல்லின் வாழ்க்கையில் எனக்குக் கொஞ்சம் சொந்த அக்கறை உண்டு.

1894-ம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தவர். இருபத்திரண்டாம் வயதில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' வாரப் பத்திரிகைக்கு முதல் அட்டைப்படம் போட்டார். 1916 முதல் 1963 வரை அங்கே முந்நூறுக்கு மேற்பட்ட அட்டைகள் அவர் கையால் வந்தன. சிறுமி நீட்டும் பொம்மையின் மார்பில் குழாயை வைத்து, முகம் மாறாமல் சோதிக்கும் டாக்டர். ஊசிக்குக் காத்திருக்கும்போது, சுவரில் மாட்டிய டாக்டரின் சர்டிபிகேட்டை உற்றுப் பார்க்கும் பையன். நமக்கு மூன்று பக்கம் பிடிக்கிற கதையை அவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். இது சாமானியமான வித்தை அல்ல.

"எல்லாம் ஒரே தித்திப்பு" என்பது அவர்மேல் சொல்லப்படும் குற்றம். தித்திப்பு இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த அட்டைகளில் எது இல்லை என்பதுதான் கேள்வி. கறுப்பர்களைப் பணியாட்களாக மட்டுமே காட்டலாம் என்பது அந்தப் பத்திரிகையின் வழக்கம் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அதற்குக் கட்டுப்பட்டு அத்தனை ஆண்டுகள் வரைந்தும் இருக்கிறார். தேசம் முழுவதும் தன் முகம் என்று கொண்டாடிய படங்களில், தேசத்தில் ஒரு பங்கினருக்கு முகம் இல்லை.

1963-ல் அந்தப் பத்திரிகையை விட்டார். மறு வருஷம் ஜனவரியில், எழுபதை எட்டப்போகும் வயதில், 'லுக்' பத்திரிகையில் ஒரு படம் வெளியிட்டார். நியூ ஆர்லியன்ஸ் நகரில் வெள்ளையர் பள்ளிக்கு 1960-ல் காவலுடன் சென்ற ஆறு வயதுக் கறுப்புச் சிறுமி ரூபி பிரிட்ஜஸின் கதை அது. வெள்ளைக் கவுன், கையில் புத்தகம். முன்னும் பின்னும் நான்கு அதிகாரிகள். அவர்களுடைய தலைகள் படத்துக்குள் வரவில்லை. சுவரில் ஒரு வசைச் சொல். எறிந்த தக்காளி சிதறி வழிகிறது. எறிந்த கூட்டத்தைக் காணோம். பார்க்கிற நாம்தான் அந்தக் கூட்டம் நின்ற இடத்தில் நிற்கிறோம்!

கோபக் கடிதங்கள் வந்தன. வராமல் இருக்குமா?

கவனிக்க வேண்டியது ஒன்று. பொம்மையைச் சோதித்த டாக்டரை வரைந்த அதே கைதான் இதையும் வரைந்தது. அதே நுணுக்கம், அதே தெளிவு, யாருக்கும் புரிகிற அதே பாஷை. ஆகவே ஜனரஞ்சகம் என்ற குணத்திலே பாவம் இல்லை. அதை எதற்குச் செலவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'வாசகர் தாங்கமாட்டார்' என்று சொல்லிக்கொண்டு நாம் ஒதுக்கும் விஷயங்களில் பாதி, நம்மால் தாங்க முடியாதவை.

அவர் 1978-ல் காலமானார். உணவு விடுதியில் பாட்டியும் பேரனும் பிரார்த்தனை செய்யும் அவருடைய அட்டைப்படம் 2013-ல் நாலரைக் கோடி டாலருக்கு மேல் விலை போயிற்று. அந்தச் சிறுமியின் படம் 2011-ல் வெள்ளை மாளிகையில் வைக்கப்பட்டது. வளர்ந்து பெரியவளான ரூபி, ஜனாதிபதி ஒபாமாவின் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தார்.

இரண்டும் நல்ல படங்களே. முதலாவதை வரைய அவருக்குத் திறமை போதுமானதாக இருந்தது. இரண்டாவதற்கு, சம்பாதித்து வைத்த அன்பைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது.