நொடிக்கு எத்தனை பக்கம்?

தரவு திரட்டும் மென்பொருளின் புதிய வெளியீடு பழையதைவிட எத்தனை மடங்கு வேகமானது என்பதை நொடிக்கு இத்தனை பக்கம் என்ற ஒற்றை எண்ணில் சொல்லிவிடும் வழக்கம் நிலைபெற்றுவிட்டது; எவரும் எளிதில் ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்படும் நியாயம். இணையப் பக்கங்களைத் தானே தேடிச் சென்று சேகரிக்கும் க்ராலர் வகை மென்பொருளான அப்பாச்சி நட்ச்சின் வரலாறு அந்த நியாயத்துக்கு ஓரளவு துணைநிற்கிறது. 2012-இல் வந்த அதன் 2.0 வரிசை, சேகரித்தவற்றை ஹெச்பேஸ், கசாண்ட்ரா முதலிய தரவுத்தளங்களில் வைக்க வழிசெய்தது. ஆயினும் 2013-இல் 1.7, 2.2.1 ஆகிய வெளியீடுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது பழைய வரிசையே முந்தியது. புதியது என்பதாலேயே ஒன்று விரைவானதாகிவிடாது என்பதை அச்சோதனை உணர்த்தியது.

எனினும், இந்த எண் மென்பொருளின் திறனைத்தான் காட்டுகிறது என்ற நம்பிக்கை பிழையானது. பிறருடைய சர்வர் திணறாதிருக்கும் பொருட்டு, ஒரே தளத்துக்கு அனுப்பும் இரு கோரிக்கைகளுக்கு நடுவே 5 நொடி காத்திருக்குமாறு நட்ச் இயல்பாகவே அமைக்கப்பட்டுள்ளது. முகவரிப் பட்டியல் முழுவதும் ஒரே தளத்தைச் சேர்ந்ததாயின், எந்த வெளியீட்டை எவ்வளவு வலுவான கணினியில் ஓட்டினாலும் மணிக்கு 720 பக்கங்களைத் தாண்ட இயலாது. பட்டியல் பல்லாயிரம் தளங்களில் பரவியிருந்தால் அதே மென்பொருள் பன்மடங்கு விரையும்.

இதனினும் பெரிய குறை, எண்ணப்பட்டவை முழுப் பக்கங்கள்தாமா என்று இந்த அளவு கேட்பதே இல்லை என்பதாகும். ஒரு பக்கத்திலிருந்து எடுக்கத்தக்க உச்ச அளவு பழைய வெளியீடுகளில் 65,536 பைட்டாக இருந்து, பின்னர் 10,48,576 பைட்டாக உயர்த்தப்பட்டது. 3 லட்சம் பைட் கொண்ட பிடிஎஃப் அறிக்கை ஒன்றைப் பழைய வரம்பு கால் பங்குக்கும் குறைவான இடத்திலேயே வெட்டிவிடும். கோப்பின் எந்தப் பகுதி எங்கே உள்ளது என்று காட்டும் அட்டவணை பிடிஎஃப்பில் வழக்கமாக இறுதியிலேயே இருப்பதால், எஞ்சிய துண்டு பெரும்பாலும் பயனற்றுப்போகும். கணக்கில் மட்டும் அந்தத் துண்டும் ஒரு பக்கம், முழு அறிக்கையும் ஒரு பக்கம். அதனால் அறிக்கையை முழுதாகக் கொண்டுவந்த வெளியீடு, கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டது என்பதற்காகவே பின்தங்கியதாகப் பட்டியலிடப்படும்.

தரவைத் திரட்டுவது அதைப் படிக்கவும் தேடவும் ஆராயவும்தான். பட்டியல், காத்திருப்பு, அளவு வரம்பு ஆகிய மூன்றையும் இரு வெளியீடுகளுக்கும் ஒரே மாதிரியாக வைத்து, மணிக்கு எத்தனை முழுமையான, இரட்டிப்பற்ற ஆவணங்கள் உரையாகப் பிரித்தெடுக்கப்பட்டன என்று கூறாத எந்த ஒப்பீடும் ஆய்வாகாது; அது விளம்பரமே.