யூனியன் ஸ்கூல் நல்ல ஸ்கூலா?

மே மாதக் கடைசியில் ஏதாவது ஒரு கிராமத்துத் தெருவில் நின்று பேச்சுக் கொடுத்தால், அங்குள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியைப் பற்றிய தீர்ப்புகள் அரை மணி நேரத்தில் வந்து குவிந்துவிடும். "அங்க இருவது புள்ளைங்கதான் இருக்கு." "ரெண்டே டீச்சர்." "இங்கிலீஷ் வராதுங்க." "டீச்சர் புள்ளையே மெட்ரிக்லதான் படிக்குது." இப்படிச் சொல்பவர்களில் பலர் கடைசியாக அந்தப் பள்ளிக்குள் போனது ஓட்டுப் போடத்தான். ஆனாலும் இதை வெறும் வம்பு என்று ஒதுக்க முடியாது. தெருவின் தீர்ப்பில் ஒரு உண்மை இருக்கிறது. அது என்ன உண்மை என்பதுதான் தெருவுக்குத் தெரிவதில்லை.

முதலில் தலைக்கணக்கு. பிள்ளைகள் குறைவு என்றால் பள்ளி மோசம் என்பது ஊரின் கணக்கு. அரசின் புள்ளிவிவரம் இதற்கு நேரெதிராகச் சொல்லும். 22 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர் என்றால் ஒருவருக்கு 11 பேர். காகிதத்தில் இதைவிடச் சொகுசான பள்ளி உலகத்தில் கிடையாது. இரண்டு கணக்குமே தப்பு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர் போதும் என்கிறது. அதே சட்டம் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்றும் வரையறுக்கிறது. 2 பேர், ஆளுக்கு 800 மணி நேரம் என்றால் மொத்தம் 1,600. அதை 5 வகுப்புக்குப் பிரித்தால் ஒரு வகுப்புக்கு 320 மணி நேரம். மீதி 480 மணி நேரமும் அந்த வகுப்புப் பிள்ளைகள் பக்கத்து வகுப்புப் பாடத்தைக் கேட்டுக்கொண்டோ, போர்டில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதிக்கொண்டோ உட்கார்ந்திருக்க வேண்டும். எச்.எம். வாரத்தில் ஒரு நாள் பி.இ.ஓ. அலுவலகம், பயிற்சி, வாக்காளர் பட்டியல் வேலை என்று போய்விட்டால் அந்த 320ம் 288 ஆகிவிடும்.

இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக உட்கார வைத்து நடத்தத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே நடத்துகிறார்கள். அது தனிக் கலை. ஆனால் நம் ஆசிரியர் பயிற்சியும் பாடநூலும், ஒரு அறையில் ஒரு வகுப்புதான் இருக்கும் என்ற கற்பனையில் எழுதப்பட்டவை. ஆக, "ரெண்டே டீச்சர்" என்று தெரு சொல்லும்போது அது சரியான இடத்தில்தான் கை வைக்கிறது. பழியை மட்டும் ஆசிரியர் தலையில் போடுகிறது. பிள்ளை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும். பணியிடம் குறைந்தால் பள்ளியின் பேர் கெடும். பேர் கெட்டால் அடுத்த ஜூனில் இன்னும் நாலு பிள்ளை தனியார் பள்ளி வேனில் ஏறும். இதற்கு நடுவே, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்குக் கட்டணம் கொடுத்து, தன் பள்ளிக்கு வந்திருக்கக்கூடிய பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பி வைப்பதும் அரசுதான். இந்த வேடிக்கையைப் பற்றி எந்தக் கட்சியும் அதிகம் பேசுவதில்லை.

அடுத்தது ஒப்பீடு. மெட்ரிக் பிள்ளை நன்றாகப் படிக்கிறது, யூனியன் ஸ்கூல் பிள்ளை படிக்கவில்லை. ஆகவே மெட்ரிக் நல்ல பள்ளி. இதில் உள்ள ஓட்டையைக் காட்ட ஆந்திரத்தில் நடந்த ஆய்வு ஒன்று போதும். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 5 மாவட்டங்களில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் கொடுத்துத் தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வின்படி, 4 ஆண்டு கழித்தும் குலுக்கலில் வென்ற பிள்ளைகளுக்கும் தோற்ற பிள்ளைகளுக்கும் தெலுங்கிலோ கணக்கிலோ வித்தியாசம் இல்லை. தனியார் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் நிற்பதாகத் தெரிந்ததற்குப் பெரும் பங்கு காரணம் அவர்கள் புறப்பட்ட வீடு.

அரசுப் பள்ளி ஆதரவாளர்கள் இந்த முடிவை மேற்கோள் காட்டிவிட்டு இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். ஆய்வின் மறுபாதி அவர்களுக்கு உவப்பானதல்ல. அந்தத் தனியார் பள்ளிகள் தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைந்த நேரமே செலவிட்டு அதே அளவு கற்பித்திருந்தன. மிச்ச நேரத்தில் சொல்லிக்கொடுத்த இந்தியில் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். ஒரு பிள்ளைக்கான செலவும் அரசுப் பள்ளியில் ஆவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நேரத்தை வீணடிக்கிறோமா என்ற கேள்வியை அரசுப் பள்ளிகள் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

தெருவின் தீர்ப்பில் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வரியும் உண்டு: பக்கத்தில் யார் பிள்ளை உட்காரும்? பல ஊர்களில் யூனியன் ஸ்கூல் இன்று காலனிப் பிள்ளைகளின் பள்ளியாக மீந்திருக்கிறது. 2023இல் கரூர் மாவட்டத்தில் காலை உணவு சமைத்தவர் தலித் பெண் என்பதற்காகச் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. ஆட்சியர் நேரில் போக வேண்டியிருந்தது. அங்கே விவகாரம் வெளியே வந்தது. மற்ற ஊர்களில் இதே மனசு "ஸ்கூல் சரியில்லீங்க" என்ற வார்த்தைக்குள் ஒளிந்துகொள்கிறது. தரம் என்ற பேச்சை எடுக்கும் எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

சரி, தெருவை விட்டு அரசின் அளவுகோலுக்கு வருவோம். ஒன்றிய அரசின் செயல்திறன் தரக் குறியீட்டில் 2019-20ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாடு ஏ++ வாங்கியது. நாட்டிலேயே மிக உயர்ந்த நிலையில் நின்ற ஐந்தில் ஒன்று. அப்போது மொத்தம் 1,000 மதிப்பெண். அதில் கற்றல் விளைவுக்கு 180. நிர்வாகத்துக்கு 360. பிள்ளை படிக்கிறதா என்பதைப் போல இரண்டு மடங்கு எடை, பதிவேடு ஒழுங்காக இருக்கிறதா என்பதற்கு! வருகையைக் கல்வித்துறையின் இணையப் பதிவேடான எமிஸில் ஏற்றியாயிற்றா என்று ஆசிரியர் ஏன் பதறுகிறார் என்பதற்கு விடை இந்தப் பிரிவினையிலேயே இருக்கிறது.

'அசர்' என்று சுருக்கமாக வழங்கும் ஆய்வின் வழி வேறு. 'பிரதம்' அமைப்பு 2005 முதல் நடத்தும் இந்த ஆய்வில் ஆட்கள் வீட்டுக்கே போகிறார்கள். எழுத்து, சொல், ஒரு பத்தி, ஒரு சிறு கதை என்று ஒரே தாளைக் கொடுத்து ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகப் படிக்கச் சொல்கிறார்கள். கதை இரண்டாம் வகுப்புத் தரத்தில்தான் இருக்கும். பள்ளிக்கு அன்று வராத பிள்ளையும் கணக்கில் வருகிறது. ஆசிரியர் பக்கத்தில் நின்று கண் ஜாடை காட்ட வழியில்லை. முன்பின் தெரியாதவர் முன்னால் வாய் திறக்காத கூச்சப் பிள்ளைக்கு அநியாயம் நடக்கலாம் என்றாலும், எளிமையில் இதை மிஞ்சிய அளவுகோலை நான் பார்த்ததில்லை. நம் ஊர்ப் பள்ளியை எடைபோட மட்டும் இது உதவாது. மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு என்ற மாதிரியைக் கொண்டு மாநிலத்தைப் பற்றிப் பேசலாம். மாவட்டத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிப் பேசலாம். ஒரு பள்ளியைப் பற்றிப் பேசவே முடியாது. பள்ளிவாரியாக எண் கேட்பதும் வீண். மூன்றாம் வகுப்பில் 5 பேர் இருக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை அம்மை வந்து படுத்தால் தேர்ச்சி விகிதத்தில் 20 சதவீதம் போய்விடும்.

2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அடிப்படை எண்ணம் எனக்கு உடன்பாடானது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அதற்கேற்பச் சொல்லிக்கொடுப்பது கொரோனாவுக்குப் பிந்தைய நிலைமைக்குப் பொருத்தமான வைத்தியம். சிக்கல் மதிப்பீட்டில். சொல்லிக்கொடுப்பவரே சோதித்து, அவரே செல்போன் செயலியில் பதிந்து, அந்தப் பதிவை வைத்தே மேலிடம் அவரைக் கேள்வி கேட்டால், வருஷம் முழுக்க அரும்பிலேயே நிற்கும் பிள்ளையை உள்ளபடி காட்ட எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

கண்ணுக்குத் தெரிவதை அளப்பது நம் கல்வித்துறைக்குப் பழைய பழக்கம். செயல்வழிக் கற்றல் காலத்தில் தாழ்ந்த கரும்பலகையும் கம்பிப் பந்தலில் தொங்கும் பிள்ளைகளின் தாள்களும் பார்வைக்கு வருபவரின் கண்ணில் முதலில் படும். அந்த இடத்தில் இப்போது ஸ்மார்ட் கிளாஸ். ஊர் கூடி மேளதாளத்துடன் பீரோ, நாற்காலி, மின்விசிறி, குடம் என்று தூக்கி வரும் கல்விச் சீர் அருமையான வழக்கம். பள்ளி நம்முடையது என்ற உரிமை அதில் இருக்கிறது. சீர் வந்த பள்ளியை நல்ல பள்ளி என்று சொல்லிவிட முடியாது, அவ்வளவுதான். கழிப்பறை அப்படியல்ல. அது பூட்டிக் கிடக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, ஐந்தாவது படிக்கும் பெண் பிள்ளை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறதா என்பது உடனே பார்க்க வேண்டிய விஷயம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு பள்ளியை எப்படித்தான் எடைபோடுவது? என்னைக் கேட்டால் மூன்றாம் வகுப்பு நோட்டுகளைக் கேட்டு வாங்குவேன். கெட்டிக்காரப் பிள்ளையின் நோட்டு வேண்டாம். அது தானாகவே முன்னால் வரும். எல்லா நோட்டும் வேண்டும். கேள்வி பதில் எல்லா நோட்டிலும் ஒரே வாக்கியமாக, ஒரே இடத்தில் வரி முறிந்து இருந்தால் பிள்ளைகள் போர்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அழகான கையெழுத்தில் ஏமாந்துவிடக் கூடாது. எழுத்தைப் படமாக வரையக் கற்ற பிள்ளையின் கையெழுத்து முத்து முத்தாகத்தான் இருக்கும். ஒரு நோட்டில் "பளம்", இன்னொன்றில் "பலம்", வேறொன்றில் புள்ளி வைக்காத "மரம", ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் திருத்தம், மறு பக்கத்தில் அதே சொல் சரியாக என்று இருந்தால் அங்கே பிள்ளை தானாக எழுதுகிறது, டீச்சர் அதைப் படிக்கிறார். பக்கம் முழுக்க ஒரே நீளமான டிக் அடித்து, கீழே தேதியிட்ட கையெழுத்து இருந்தால் அது அதிகாரிக்காகத் திருத்திய நோட்டு.

வாசிப்பிலும் இப்படித்தான். பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் பிள்ளை கடகடவென்று ஒப்பிக்கும். விரலைக் கவனியுங்கள். வாய் மூன்றாவது வரியில் இருக்கும், விரல் முதல் வரியில் நிற்கும். சுவரில் ஒட்டியிருக்கும் டெங்கு நோட்டீஸையோ பிஸ்கட் கவரையோ காட்டிப் படிக்கச் சொன்னால் விஷயம் தெரிந்துவிடும். அதையும் யாரிடம் கேட்கிறோம் என்பது முக்கியம். வருகைப் பதிவேட்டில் அதிகம் விடுப்பு எடுத்த பிள்ளை, செங்கல் சூளைக்குப் போய்வந்த குடும்பத்துப் பிள்ளை, வாய் திறக்காமல் கடைசியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. வீட்டில் அம்மா சொல்லிக்கொடுக்கும் பிள்ளை எந்தப் பள்ளியிலும் படித்துவிடும். பள்ளியைத் தவிர வேறு கதி இல்லாத பிள்ளையிடம்தான் பள்ளியின் வேலை தெரியும். அதிலும் ஒரு தடவை பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. ஜூனில் எழுத்துக்கூட்டவே தெரியாத பிள்ளை ஏப்ரலில் தட்டுத் தடுமாறி நாலு வரி படித்தால் அந்த ஆசிரியர் பெரிய வேலை செய்திருக்கிறார். எந்தப் பட்டியலில் பார்த்தாலும் அந்தப் பிள்ளை "அடைவு பெறாதவர்".

இந்த முறைக்கும் குறை உண்டு. பாட்டு, வரைதல், விளையாட்டு, பயமில்லாமல் கேள்வி கேட்பது எதுவும் நோட்டில் தெரியாது. நோட்டைப் பார்த்து எடைபோடத் தெரிந்த பெற்றோர், பெரும்பாலும் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டவர்தான் என்பது அதைவிடப் பெரிய குறை. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா நோட்டை வாங்கி என்ன பார்ப்பார் என்று கேட்பார்கள். திருத்தத்தைப் பார்க்க மாட்டார், சரி. தன் பிள்ளை ரேஷன் கார்டில் உள்ள பேரைப் படிக்கிறதா இல்லையா என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் அவருக்கு இடம் இல்லை.

சட்டப்படி அந்த இடம் பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூலி வேலைக்குப் போகும் அம்மா வேலை நாளின் பிற்பகலில் நடக்கும் கூட்டத்துக்கு வர அரை நாள் கூலியை விட வேண்டும். வந்தால் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து, பேச்சு சுற்றுச்சுவரைப் பற்றி. கூட்டத்தைச் சாயங்காலம் வைத்து, சுற்றுச்சுவரைப் பேசுவதற்கு முன்னால் பதிவேட்டிலிருந்து குலுக்கிப் போட்டு மூன்று பிள்ளைகளின் நோட்டுகளை நடுவில் வைக்கலாம். பிள்ளையைக் கூட்டத்தின் முன் நிறுத்தாமல் தாயையும் டீச்சரையும் மட்டும் வைத்துப் படிக்கச் சொல்லலாம். ஆசிரியர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். எமிஸ் பதிவை எங்கள் தலையிலிருந்து இறக்குங்கள், ஐந்து வகுப்புக்கு மூன்றாவதாக ஒரு ஆளைக் கொடுங்கள், அப்புறம் எந்த நோட்டை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள் என்று அவர்கள் சொன்னால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது சென்னையில் இருக்கும் கல்வித்துறை. முதல் கோரிக்கைக்குப் பெரிய செலவு கூட இல்லை.