மென்பனிக் குழி: ஹெமிங்வேயின் சிறுகதையொன்றும் அதன் தமிழாக்கமும்

எர்னஸ்ட் ஹெமிங்வேயின் ‘கிராஸ்-கன்ட்ரி ஸ்னோ’ 1925ஆம் ஆண்டு சனவரியில் பாரிசு இதழான ‘டிரான்சட்லாண்டிக் ரிவ்யூ’வில் வெளிவந்து, அவ்வாண்டே ‘இன் அவர் டைம்’ தொகுப்பிலும் இடம்பெற்றது. கதை மிகச் சிறிது. நிக், ஜார்ஜ் எனும் இரு நண்பர்கள் சுவிட்சர்லாந்து மலைச்சரிவொன்றில் பனிச்சறுக்கி இறங்குகின்றனர். வழியிலுள்ள விடுதியில் மது அருந்துகின்றனர். மீண்டும் வீடு நோக்கிப் புறப்படுகின்றனர். நிக்கின் மனைவி ஹெலன் கருவுற்றிருக்கிறாள். ஜார்ஜ் அன்றிரவே தொடர்வண்டியேறிக் கல்விக்கூடம் திரும்ப வேண்டும்.

இல்லறப் பொறுப்பைக் கண்டு அஞ்சும் ஆடவரின் ஏக்கமாக இக்கதையைப் படிப்பது பரவலான வழக்கம். விடுதி உரையாடல் அதற்கு இடந்தருகிறது. நல்ல பனி உள்ள இடத்திற்குத் தொடர்வண்டியில் போய்விடுவது, விடுதிக்கு விடுதி தங்கி ஓபர்லாண்ட், வலே, எங்கடீன் பகுதிகளினூடே சறுக்கிச் செல்வது, முதுகுப்பையில் பழுதுபார்க்கும் கருவியும் மாற்றுடையும் தவிர வேறொன்றும் கொள்ளாதது என ஒரு பயணம் அங்கே கனவாக விரிகிறது. ஆனால் அக்கனவை முதலில் விரிப்பவன் தந்தையாகப் போகும் நிக் அல்லன், ஜார்ஜ். நிக் தானாக விரும்பியது இன்னும் ஒரே நாள், ஒரே மலை. இவ்வேறுபாட்டைக் கருதாத வாசிப்பு நிக்குக்கு நீதி செய்யவில்லை என்பது என் கருத்து.

கதையின் முடிச்சு விடுதிக்கு முன்பே, சரிவில் விழுந்துவிடுகிறது. மேற்பகுதியில் காற்றுச் சுரண்டிய பனி பலகைபோல் இறுகிக் கிடக்கிறது. அதனின்று பாயும் நிக், வேகம் மிகுந்துவிட்டதென அறிந்தும் நிலைகுலையாது தாழ்ந்து செல்கிறான். அவனை வீழ்த்துவது வேகமன்று. காற்று ஒரு குழிவில் விட்டுச்சென்ற மென்பனி. பின்னால் வரும் ஜார்ஜோ, பனி ஆழமாயிருப்பதை உணர்ந்து, ஒரு கால் முன்வைத்து மண்டியிடும் ‘டெலிமார்க்’ முறையில் திரும்பி நிற்கிறான். காலில் ஊனமுற்ற நிக்கால் அம்முறையைக் கையாள இயலாது.

விடுதியில் இதே நிகழ்வு வேறுருவில் திரும்புகிறது. பரிமாறும் பெண் கருவுற்றிருப்பதை நிக் உடனே காணவில்லை. சற்றுக் கழித்தே கண்டு, முதலில் ஏன் காணத் தவறினோம் என வியக்கிறான். தன் வீட்டில் நிகழ்வதையே எதிரே நிற்பவளிடம் காணாத கண் அது. குழிவிலிருந்த மென்பனியையும் அக்கண் கண்டிருக்கவில்லை. ஆசிரியர் இவ்விரண்டையும் ஒருசொல்லாலும் இணைத்துக் காட்டவில்லை. இணைப்பது நம் பணி.

இங்குதான் தமிழாக்கம் இடர்ப்படுகிறது. மாணவரோடு இக்கதையை மொழிபெயர்க்க முயன்றபோது முதற்படியில் எல்லாம் ‘பனி’ ஆயிற்று. முன்பனி, பின்பனி எனப் பருவங்களை வகுத்த மொழி நம்முடையது. எனினும் அச்சொல்லில் பனித்துளியும் மூடுபனியும் குளிரும் ஒருங்கே அடங்குகின்றன. (மேற்படிப்பிற்காகக் குளிர்நாட்டில் வாழ்ந்த முதல் ஆண்டில் காலடியில் நொறுங்குவதையும் காலை விழுங்குவதையும் நானும் ஒரே பெயரால்தான் அழைத்தேன்.) பனி ஒன்றே எனின் நிக் விழுவது வெறும் தற்செயலாகிவிடும். ஆகவே ‘இறுகுபனி’, ‘தூள்பனி’, ‘மென்பனி’ எனப் பிரித்தோம். ‘தூள்பனி’ என்பதில் எனக்கு இன்றும் முழு நிறைவில்லை.

இடையே ஒரு வியப்பு. சரிவைக் குறிக்க ஹெமிங்வே ஆளும் சொற்களுள் ‘கட்’ என்பதும் ஒன்று. மாணவர் அதனைச் சுவிசுச் சொல்லென எண்ணினர். அது இமயமலை வாழிடங்களில் தங்கிய ஆங்கிலேயர் இந்தியிலிருந்து எடுத்துக்கொண்ட சொல். செங்குத்துச் சரிவையும் ஆழ்பள்ளத்தையும் குறிக்கும். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியிலும் உண்டு. இந்திய ஆய்வியல் துறை மாணவர் தம் துறைக்குரிய சொல்லை ஆல்ப்ஸ் மலையில் கண்டெடுத்தனர்.

இறுதியில் மீண்டும் சறுக்க வருவோம் என உறுதிமொழி வேண்டுபவனும் ஜார்ஜே. நிக் எழுந்து மேற்சட்டையை இறுக்கிக்கொள்கிறான். ஊன்றுகோலொன்றைத் தரையில் குத்தி நிறுத்துகிறான். உறுதிமொழியால் பயனில்லை என்கிறான். மாணவருள் சிலர் இதனைக் கசப்பெனவே மொழிபெயர்த்தனர். சற்றுமுன் விழுந்தெழுந்தவனின் குரலாக அவ்வரியைத் திருத்தி எழுதுமாறு படிகளைத் திருப்பிக் கொடுத்தேன்.