இரும்புக் கம்பும் குச்சிக்கிழங்குக் காடும்

இரும்பு போன்ற சத்து கூடுதலாக இருக்கும்படி உருவாக்கிய, அதாவது சத்தேற்றிய, விதையைக் கொடுத்துவிட்டால் சிறு விவசாயி வீட்டுப் பிள்ளையின் ரத்தசோகை தீர்ந்துவிடுமா? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 2015-16இல் 50.7 சதவீதம், 2019-21இல் 57.4 சதவீதம். சத்துணவும் அங்கன்வாடியும் வேரூன்றிய மாநிலத்திலேயே இந்த நிலை என்பதால், எந்த வழியையும் பரிசீலிக்காமல் தள்ளிவிடக் கூடாது.

முதலில் விதையின் பக்கத்தைக் கேட்போம். சர்வதேசப் பயிர் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட்டும் ராகுரி மகாத்மா புலே வேளாண் பல்கலைக்கழகமும் உருவாக்கிய ‘தனசக்தி’ கம்பு 2012இல் மகாராஷ்டிரத்தில் வெளியானது. கிலோவுக்குச் சுமார் 71 மில்லிகிராம் இரும்பு. வெளியிடப்படும் கம்பு ரகங்களுக்கு 2018 முதல் இருக்கும் குறைந்தபட்ச வரம்பு 42 மில்லிகிராம்தான். தனசக்தி வீரிய ஒட்டும் அல்ல. விவசாயி தன் அறுவடையிலேயே விதைக்கு எடுத்து வைக்கலாம். மகாராஷ்டிரத்தில் விடுதியில் தங்கிப் படித்த 12 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு இரும்பு ஏற்றிய கம்பு மாவில் ரொட்டி சுட்டுக் கொடுத்த ஆய்வில், நான்கே மாதத்தில் உடலின் இரும்புக் கையிருப்பு உயர்ந்தது. இது வலுவான சான்று.

ஆனால் சிறு குழந்தை என்று வரும்போது சான்று தடுமாறுகிறது. பெலகாவியில் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் நடந்த சோதனை, இரும்பு கூடுதலாகவே உடலில் சேர்கிறது என்று காட்டியது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு ஒன்பது மாதம் ஊட்டிப் பார்த்தபோதோ, இரும்பு நிலையிலும் வளர்ச்சியிலும் ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கணக்குப் போட்டாலே காரணம் ஓரளவு புரியும். ஒரு நாளைக்கு 50 கிராம் கம்பு மாவு தின்னும் குழந்தைக்கு, குறைந்தபட்ச வரம்பிலுள்ள கம்பைவிடத் தனசக்தியால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 1.45 மில்லிகிராம். அதிலும் பத்தில் ஒரு பங்கு ரத்தத்தில் சேர்ந்தாலே அதிகம். மீதியில் பெரும்பகுதியைத் தானியத்திலுள்ள பைட்டேட் என்ற வேதிப்பொருள் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த வயதில் நாளொன்றுக்குத் தேவை 8 மில்லிகிராம். கம்பை ஊறவைத்து, இரவு முழுக்கப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினால் பைட்டேட் குறையும். நம் பாட்டிமார் கைப்பழக்கம் இங்கே விதைக்கு நிகராக உதவுகிறது. அதிகம் தீட்டிய கம்பிலோ விதையில் ஏற்றிய இரும்பில் ஒரு பகுதியும் தவிட்டோடு போய்விடும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துக் காடுகளில் விளைவது பெரும்பாலும் வீட்டு அடுப்புக்குப் போவதில்லை. மரவள்ளி எனும் குச்சிக்கிழங்கு, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போகிறது. மக்காச்சோளம் கோழித் தீவனமாகிறது. வீட்டில் வேகுவது ரேஷன் அரிசி. நிலத்தில் சத்தை ஏற்றினாலும் அது தட்டுக்கு வந்து சேரும் வழி அடைபட்டிருக்கிறது.

வைட்டமின் ஏ சத்துக்காக உருவாக்கிய மஞ்சள் மரவள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கென்யாவில் பள்ளிப் பிள்ளைகள் அதைத் தின்றபோது வைட்டமின் ஏ நிலை சிறிதளவு மேம்பட்டது. அங்கே அது சாப்பாடு. இங்கே ஆலை மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ பார்த்து விலை போடுகிறது. வெள்ளை ஜவ்வரிசிக்குத்தான் சந்தை. அந்த வெண்மைக்காக ரசாயனம் கலந்த ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை நடத்திய மண் இது. இங்கே மஞ்சள் கிழங்கைப் பயிரிடச் சொல்வது விவசாயியை நட்டத்தில் தள்ளுவதாகும்.

அப்படியானால் முட்டை போதுமே என்பார்கள். நாமக்கல்லில் முட்டைக்குப் பஞ்சமில்லை. 2010 முதல் பள்ளிப் பிள்ளைக்கு வாரம் ஐந்து முட்டை கிடைக்கிறது. புரதத்துக்கும் பி12க்கும் முட்டை அருமையானது. ஆனால் ஒரு முட்டையில் இரும்பு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான், அதுவும் எளிதில் சேராது. முட்டை இரும்புக் கம்பின் இடத்தை நிரப்பாது. கம்பும் முட்டையின் இடத்தை நிரப்பாது.

என் தீர்ப்பு இது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இரும்புக் கம்பு பலன் தரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதை மருந்தென்று விற்பது தவறு. இரும்புச் சொட்டு மருந்தையும் தாய்ப்பாலையும் பருப்பு, கீரை, முட்டை சேர்ந்த இணையுணவையும் விட்டுவிட்டு விதையைக் காட்டக் கூடாது. சேலம், நாமக்கல்லில் விதைப் பொட்டலம் மட்டும் கொடுத்தால் பயன் சொற்பம். அரசு அறிவித்த விலைக்கு இரும்புக் கம்பை இந்த மாவட்ட விவசாயிகளிடமே வாங்கி, பள்ளிகளின் காலை உணவுத் திட்டத்தில் வாரம் இரண்டு நாளாவது சமைத்துப் போடட்டும். கொள்முதல் உறுதியான பிறகு விதையைக் கொடுங்கள்.