முன் டயர் சொல்லும் தீர்ப்பு

மாகறல் வயலில் சேறடிக்கும் டிராக்டரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இழுக்கிற வேலை பெரிய பின் சக்கரங்களுக்கு, திருப்புகிற வேலை சின்ன முன் சக்கரங்களுக்கு. சேற்றில் முன் சக்கரம் பிடி இல்லாமல் வழுக்கும். அதனால் வரப்போரம் வந்ததும் ஓட்டுநர் ஒரு பக்கத்துப் பின் பிரேக்கை மட்டும் மிதிப்பார். அந்தச் சக்கரத்தை அச்சாகக் கொண்டு வண்டி சுழன்று அடுத்த சாலில் நிற்கும். முன்பக்கம் திணறினால் பின்பக்கத்தைத் துணைக்குக் கூப்பிடு என்பதே பாடம். இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில், ஹேட்ச்பேக் கார்களின் வெற்றி தோல்வியும் இந்தப் பாடத்தில்தான் அடங்கியிருக்கிறது.

நம் தெருவில் ஓடிய போலோ காரையே எடுத்துக்கொள்வோம். 2010-ல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் இந்தியாவில் போலோ கோப்பைப் பந்தயத்தைத் தொடங்கியது. எல்லாருக்கும் ஒரே மாதிரி கார். முதலில் 1.6 லிட்டர் டீசல் இன்ஜின், 130 குதிரைத்திறன். 2012-ல் 1.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வந்தது, 180 குதிரைத்திறன். பின் இருக்கை, மெத்தை, கம்பளம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கார் உருண்டாலும் ஓட்டுநர் நசுங்காதபடி உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு வைத்தார்கள். ஸ்பிரிங்கும் பிரேக்கும் மாறின. ஆனால் உடற்கூடு அதேதான். முக்கியமாக, இன்ஜின் முன் சக்கரங்களை இழுக்கும் அமைப்பும் மாறவில்லை.

சிக்கல் அங்கேதான். முன்சக்கர இழுவைக் காரில் இழுப்பது முன் டயர், திரும்புவது முன் டயர், பிரேக் பிடிக்கும்போது பெரும் சுமையைத் தாங்குவதும் முன் டயர். ஜோடி மாடு இழுக்க வேண்டிய பாரத்தை ஒற்றை மாட்டின் கழுத்தில் கட்டியதுபோல. 130 குதிரைத்திறன் 180 ஆனபோது பாரம் இன்னும் ஏறியது. இழுக்கிற சக்கரங்கள் அதே இரண்டுதான்.

ஒருமுறை பந்தயம் முடிந்து, கார்களைச் சரிபார்க்கும் ‘பிட்’டுக்குத் திரும்பிய காரின் டயர்களை அருகில் போய்ப் பார்த்தேன். பின் டயர் ஏறக்குறைய அப்படியே இருந்தது. வெளிப்பக்க முன் டயரின் தோள்பட்டையோ தேங்காய்த் துருவல் போலத் திரிதிரியாகக் கிளம்பியிருந்தது. கையை அருகே கொண்டுபோனாலே அனல் அடித்தது. முன்னால் போன கார்களைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஒவ்வொரு வளைவிலும் ஒரு நொடி முன்னதாகவே ஆக்சிலரேட்டரை மிதித்ததற்கான கணக்கு அந்த ரப்பரில் எழுதியிருந்தது.

அப்படி மிதித்தால் என்ன ஆகும்? டயரின் பிடி ஓர் அளவுக்குத்தான் உண்டு. அதில் பெரும்பங்கை இழுவைக்குக் கொடுத்துவிட்டால் திருப்ப மிச்சம் இருக்காது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேராகவே வழுக்கிப் போகும். பந்தயக்காரர்கள் இதை ‘அண்டர்ஸ்டீர்’ என்பார்கள். பதற்றத்தில் இன்னும் ஒடித்தால் டயர் இன்னும் தேயும், அடுத்த சுற்றில் பிடி இன்னும் குறையும்.

கெட்டிக்கார ஓட்டுநர் வேறு வழி போவார். பிரேக்கை நேர்கோட்டிலேயே பெரும்பாலும் முடித்துவிடுவார். வளைவுக்குள் நுழையும்போது பிரேக் மிதியிலிருந்து காலை மெல்ல மெல்லத்தான் எடுப்பார். அதுவரை எடை முன்னாலேயே சாய்ந்திருக்கும், பின்பக்கம் இலேசாகி, கார் தானாகவே மூக்கை உள்ளே திருப்பும். டிராக்டர்காரர் பின் பிரேக்கால் வாங்கும் வேலையை இவர் காலைத் தளர்த்தி வாங்குகிறார். பின் ஸ்பிரிங்கை விறைப்பாக வைப்பதும் இதற்காகத்தான். வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு அந்தரத்தில் நிற்கும் காட்சி புதிதாகப் பார்ப்பவரைப் பயமுறுத்தும். அது விபத்தின் அறிகுறி இல்லை. பின்பக்கம் அந்தச் சாய்வைத் தாங்கிக்கொள்வதால் முன் டயர்கள் இரண்டும் தரையைக் கவ்வி நிற்கின்றன என்று பொருள்.

இந்த வகைப் பந்தயம் உலக அளவிலும் வேரூன்றிவிட்டது. 2015-ல் தொடங்கிய டிசிஆர் விதிமுறை, சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட முன்சக்கர இழுவைப் பந்தயக் கார்களுக்கென்றே எழுதப்பட்டது. 2 லிட்டர் டர்போ இன்ஜின், சுமார் 350 குதிரைத்திறன். 2018-ல் அந்த விதியில் நடந்த உலகக் கோப்பையை இத்தாலியின் கேப்ரியேலே தார்க்கினி ஹூண்டாய் ஐ30 என் ஹேட்ச்பேக்கில் வென்றார். அப்போது அவருக்கு வயது 56. மக்காவ் தெருக்களில் நடந்த கடைசிச் சுற்றில் முடிவான அந்தப் பட்டத்தில், இரண்டாம் இடம் பிடித்த இவான் முல்லருக்கும் அவருக்கும் 3 புள்ளிதான் இடைவெளி. இந்தக் கார்களில் இளமையின் வேகத்தைவிட டயரைக் காக்கும் பக்குவம் அதிகம் பேசும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அதே ஹூண்டாய் நிறுவனத்தின் தொழிற்சாலை இருங்காட்டுக்கோட்டையில்தான் இருக்கிறது. 1998-ல் சான்ட்ரோ ஹேட்ச்பேக் அங்கிருந்துதான் வந்தது. பக்கத்திலேயே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம்: 3.717 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள். சோழவரம் விமானத் தளத்தில் ஓடிய பந்தயம் 1990-ல் இங்கே நிலைகொண்டது. மாருதி 800 ஹேட்ச்பேக்கின் இன்ஜினைப் பொருத்திய ஃபார்முலா மாருதி காரில் பழகிய கோவை நாராயண் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியரானார். சாமானியக் காரின் உறுப்பிலிருந்து உச்சிக்குப் போகும் பாதை நமக்குப் புதிதல்ல.

எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறுகிறார்கள் இளைஞர்கள். காரின் உடலைப் பற்றவைப்பதும் போல்ட்டை முடுக்குவதும் அவர்கள் கைகள். ஆனால் தடத்தின் வேலிக்குள் அவர்களைப் பார்ப்பது அரிது. ஓட்டுநர் இருக்கைக்கு லட்சக்கணக்கில் செலவாகும், ஒத்துக்கொள்கிறேன். பிட்டில் டயரைப் படிக்கவும், காற்றழுத்தம் பார்க்கவும், ஸ்பிரிங்கை மாற்றவும் ஐடிஐ மாணவர்களைப் பந்தய வார இறுதிகளில் சேர்த்துக்கொள்ள அவ்வளவு செலவாகாது. ஒரே மாதிரிக் கார்கள் ஓடும் கோப்பைகளில் ஓட்டுநர் தேர்வு நடக்கும்போது, இந்த மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது ஓட்டிக்காட்ட வாய்ப்பு தரலாம்.

வரப்போரம் வண்டியை ஒடித்துத் திருப்பிப் பழகிய கால் மாகறலில் எத்தனையோ உண்டு. எந்தச் சக்கரம் திணறுகிறது, எதைத் துணைக்குக் கூப்பிட வேண்டும் என்று அந்தக் காலுக்கு ஏற்கெனவே தெரியும். மிச்சத்தைச் சொல்லிக்கொடுக்கத் தடம் அருகிலேயே இருக்கிறது.