ஜூலை மாதத்துச் சிங்கங்கள்

ஆடி பிறந்தால் கல்யாண மண்டபங்கள் காற்று வாங்கும் என்பதெல்லாம் பழைய கதை. கோவைப் பக்கம் வந்து பாருங்கள். ரோட்டரிக்கும் அரிமா சங்கத்துக்கும் புது வருஷம் பிறப்பது ஜூலை 1ஆம் தேதி. அன்று தொடங்கும் பதவியேற்பு விழாக்கள் ஆடிக்குள்ளும் நீண்டுகொண்டே போகும். வாசலில் வாழைமரம்தான் இருக்காது. பன்னீர், சந்தனம், பட்டுப்புடவை, பந்தி எல்லாம் உண்டு. என் சித்தப்பா மகன் இந்த வருஷம் அரிமாவில் மண்டலத் தலைவர். தன் பொறுப்பிலுள்ள சங்கங்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். "வீட்ல சும்மா உக்காந்து என்ன பண்ணப் போறீங்ணா, வண்டியில ஏறுங்க" என்றான். ஏறினேன். அப்பப்பா, என்ன ஒரு வாரம்!

எல்லாம் தெரிந்த முகங்கள்தான். ஹார்டுவேர் கடைக்காரர், பல் டாக்டர், ஸ்பின்னிங் மில் மேனேஜர், ஆடிட்டர். கழுத்தில் தலைவர் காலரை மாட்டிக்கொண்டு, மரச்சுத்தியலால் மணியில் ஒரு தட்டு தட்டியதும் ஆளே மாறிவிடுகிறார்கள். (பொன்னாடைகளை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம். ஒருவருக்கே மூன்று விழுந்து, பாவம், வேர்த்துக் கொட்டியது.)

நான் சொக்கிப்போனது 'டெயில் ட்விஸ்டர்' என்ற பதவியைப் பார்த்து. அபராதம் போடுவதற்கென்றே அரிமா சங்கங்களில் ஒருவர்! உண்டியலும் கையுமாகச் சுற்றி வருகிறார். டாக்டரின் செல்போன் அடித்தது, நூறு ரூபாய். ஹார்டுவேர்க்காரரின் படம் பேப்பரில் வந்திருக்கிறது, சங்கத்துக்கு ஸ்வீட் வாங்கித் தரவில்லை, இருநூறு. ஆடிட்டர் சிரிக்கவே இல்லை, அதற்கு ஐம்பது. எதிர்த்துப் பேசினால் இரட்டிப்பு. அவருக்கே அபராதம் போட வேண்டுமானால் வந்திருக்கும் உறுப்பினர் அத்தனை பேரும் ஒருமனதாகக் கை தூக்க வேண்டுமாம். அவரோ முன்வரிசையில் தன் மச்சானை உட்கார வைத்திருக்கிறார்! அன்றைய வசூல் ஞாயிற்றுக்கிழமைக் கண் முகாமின் சாப்பாட்டுச் செலவுக்கு. உபதேசம் செய்து கேட்டிருந்தால் பாதிப் பேர் செருப்பைத் தேடியிருப்பார்கள். இங்கே வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தே சட்டைப் பையில் கை விட்டுவிடுகிறார்கள்.

மறுநாள் ரோட்டரிப் பக்கமும் எட்டிப் பார்த்தேன். அங்கே கொஞ்சம் நேரக் கட்டுப்பாடு அதிகம். சிகாகோ என்றால் நமக்கு விவேகானந்தர். இவர்களுக்குப் பால் ஹாரிஸ் என்ற வக்கீல். 1905இல் அவர் அங்கே தொடங்கியதுதான் ரோட்டரி. அதே ஊரில் இன்சூரன்ஸ் தொழிலில் இருந்த மெல்வின் ஜோன்ஸ் 1917இல் அரிமா சங்கத்துக்கு வித்திட்டார். ரோட்டரிக்காரர்கள் ஒப்பிக்கும் 'நான்கு வழிச் சோதனை', அதாவது சொல்லிலும் செயலிலும் தன்னையே கேட்டுக்கொள்ளும் நான்கு கேள்விகள், 1932இல் நொடித்துப்போன ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த ஹெர்பர்ட் டெய்லர் எழுதியது. என் பக்கத்தில் இருந்தவர் பாத்திரக்கடை முதலாளி. இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பஸ் ஸ்டாண்டில் ஐஸ் பெட்டியும் போலியோ சொட்டு மருந்துமாக நின்ற ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தார், ரசம் ஆறிப்போனது. இயற்கையான போலியோ வைரஸ் நாட்டில் கடைசியாக ஒருவரைத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். அந்த மாதத்தை அவர் தன் மகள் கல்யாணத் தேதியைச் சொல்வதுபோல் சொன்னார்.

ரோட்டரியோடு உறவுள்ள பெண்கள் அமைப்பான இன்னர் வீலின் கூட்டத்துக்கு அரைமணி நேரமே கிடைத்தது. தையல் மிஷின் வழங்கினார்கள், கணக்கை வாசித்தார்கள், முடித்தார்கள். பொன்னாடை கிடையாது!

ஞாயிறு கண் முகாம், அரசுப் பள்ளியில். 1925இல் ஹெலன் கெல்லர் அரிமாக்களின் மாநாட்டுக்கே வந்து பார்வையற்றோருக்காகக் கேட்டுக்கொண்டார். அன்று பிடித்ததை இவர்கள் இன்னும் விடவில்லை. காலை ஏழுக்கே வரிசை. டோக்கன், பிரஷர், சர்க்கரை, கண்ணில் சொட்டு மருந்து, பெஞ்சில் கண்மூடிக் காத்திருப்பு. கண்புரை முற்றியவர்களை மருத்துவமனை பஸ்ஸிலேயே ஏற்றிக்கொள்கிறார்கள். ஆபரேஷன், சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாம் இலவசம். ஆனாலும் ஒரு பாட்டி மஞ்சப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஏற மறுத்துவிட்டார்.

"மாட்டை ஆருப்பா கறப்பா?"

போன வாரம் காலரும் கோட்டுமாக மேடையில் மின்னிய தலைவர், பெஞ்சுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஊர் எது என்று கேட்டார். அங்கே பால் சொசைட்டியில் தனக்குத் தெரிந்தவர் யார் என்று யோசித்துப் போன் போட்டார். இரண்டு பேர் எடுக்கவில்லை. மூன்றாவது ஆள் கிடைத்தார்.

"ஆத்தா, பக்கத்துத் தோட்டத்துப் பையன் வந்து கறந்துக்கறானாம். காலையில எத்தனை மணிக்குங்க?"

"அஞ்சு மணிக்கு. சொல்லிப்போடு, செவலை உதைக்கும்."

"டேய், செவலை உதைக்குமாமா. அணைகயிறு போட்டுக்க" என்று போனில் கத்தியபடியே அவர் பாட்டியின் பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.